நண்டுத் தராசில் குழந்தை

வீட்டுக்கு அனுப்பிய அன்று குழந்தையின் எடை ஆயிரத்து எண்ணூற்று இருபது கிராம். ஆஸ்பத்திரித் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. செவ்வந்திக்குத் தாள் தேவைப்படவில்லை. நர்ஸ் அந்த எண்ணை எழுதியபோது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

குழந்தை அவளுடையது அல்ல. தம்பி முத்துராஜின் மனைவி குணசுந்தரி எட்டு வாரம் முன்னதாகவே பெற்ற பெண் குழந்தை. பிறந்தபோது ஆயிரத்து முந்நூறு கிராம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்து மூன்று நாள் இருந்தது. துணைக்கு ஒரு பெண் மட்டும் தங்கலாம் என்றார்கள். செவ்வந்தியின் தாய் கஸ்தூரியம்மாளுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. அதனால் செவ்வந்தி போனாள்.

அவள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் மங்களூர்ப் பக்கம் படகு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு தங்கிவிட்டான். பிள்ளை இல்லை. தோணிரேவுக்கு அடுத்த இந்தக் குப்பத்துக்குத் திரும்பி வந்து, தாயோடும் தம்பியோடும் இருக்கிறாள். பகலில் சம்பந்தத்தின் நண்டு ஷெட்டில் வேலை. பழவேற்காடு ஏரியிலிருந்து உயிரோடு வரும் பச்சை நண்டுகளுக்குக் கொடுக்கைக் கட்டி, தராசில் வைத்து, பெரிது சிறிது பார்த்துப் பிரித்துக் கூடையில் அடுக்க வேண்டும். பேச்சு அவளுக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். குப்பத்துப் பெண்கள் அவளுக்கு 'சைலன்ஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாயில் வரிசை நிற்கும்போது, "சைலன்ஸ் வருது, சும்மா இருங்கடி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியிலும் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பார்த்தாள். காம்பைப் பிடிக்காமல், கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் இரண்டு விரல் வைத்து, உள்ளே அழுத்தி, பிறகு சேர்த்துப் பீச்சுவது எப்படி என்று நர்ஸ் குணசுந்தரிக்குக் காட்டியதைப் பார்த்தாள். முதல் நாள் கிண்ணத்தின் அடியில் மூன்று சொட்டுதான் விழுந்தது. அதைக்கூட நர்ஸ் சிரிஞ்சில் உறிஞ்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். பத்தாம் நாள் கிண்ணம் பாதி ஆயிற்று. பிறகு சங்கு மாதிரி மூக்கு நீண்ட பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள். அப்புறம் குழந்தையைத் துணி இல்லாமல் தாயின் மார்பில் படுக்க வைத்துக் கட்டினார்கள். குழந்தை காம்பைத் தேடி வாயைத் திறந்ததை முதலில் பார்த்தவளும் செவ்வந்திதான். இரண்டு முறை உறிஞ்சும், தூங்கிப்போகும். உள்ளங்காலைச் சுரண்டினால் இன்னும் இரண்டு முறை.

கிளம்பும்போது வார்டு சிஸ்டர் குணசுந்தரியிடம் சொன்னார்: "வீட்டுக்குப் போனப்புறம்தான் உனக்குப் பரீட்சை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மார்ல போடு. அது டயர்டாயிடும். அப்புறம் பீச்சிப் பாலாடையில குடு. ஒரு நாளைக்கு ஆறு துணி நனையணும். யார் சொன்னாலும் பாட்டில் மட்டும் வேணாம். பாட்டில்ல வேலை செய்யாமலே வாயில ஊத்தும். அந்த ருசி கண்டா மறுபடி மார்புக்கு வரமாட்டேன்னு அடம்பிடிக்கும்."

குணசுந்தரி தலையாட்டினாள். செவ்வந்தி அந்தப் பேச்சை ஒரு சொல் விடாமல் மனசில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் முதல் ஐந்து நாளும் அப்படியே நடந்தது. செவ்வந்தி கிண்ணத்தையும் பாலாடையையும் கொதிக்கவைத்து எடுத்துத் தருவாள். நனைந்த துணிகளைக் கொடியில் தனியாகப் போட்டு எண்ணுவாள். குழந்தை மார்பில் இருக்கும்போது அதன் தொண்டையையே பார்ப்பாள். முழுங்கும்போது தொண்டையில் ஒரு சின்ன அசைவு தெரியும். அதையும் எண்ணுவாள். எட்டு, ஒன்பது. ஒருநாள் பதினொன்று.

பார்க்க வந்தவர்கள் விடவில்லை. "இன்னாமே இது, எலிக்குஞ்சாட்டம் கீது," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி மாரி. "என் தங்கச்சி புள்ளைக்கு டப்பா பாலு. தூக்கவே முடியல, அவ்ளோ கனம்."  கஸ்தூரியம்மாள் அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துமுறை குழந்தையின் துணியை விலக்கித் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். வார்த்தையைவிட அந்த விரல்தான் குணசுந்தரியைக் குத்தியது.

ஆறாம் நாள் செவ்வந்தி ஷெட்டு வேலைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம்தான் அது நடந்தது.

ஷெட்டுத் தராசைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் முன்பு வரைக்கும் ஷெட்டில் நண்டு போட்டால் கிலோவுக்கு ஐம்பது கிராம் கழித்துக்கொள்வார்கள். நண்டிலிருந்து சொட்டும் தண்ணீருக்காம், அதற்குத் தண்ணிக்கழிவு என்று பேர். குப்பத்துக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். கங்கையம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டபோது சம்பந்தம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார், இனிமேல் தன் ஷெட்டில் தண்ணிக்கழிவு இல்லை என்று. புதுசாகக் கரன்ட் தராசும் வாங்கிவைத்தார். சிவப்பு எண்ணில் கிராம் சுத்தமாகக் காட்டும். ஒரு மாதம் போனபின் சென்னையிலிருந்து ஒருத்தர் வந்தார். தராசின் அடிவயிற்றைத் திறந்து என்னவோ செய்து மூடிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து செவ்வந்தியின் கைக்கு அறுநூறு கிராம் என்று தெரிந்த நண்டு, தராசில் ஐந்நூற்று எழுபது காட்டியது. சாயங்காலம் கம்பெனி வேன் வந்து அதே கூடையை வேனிலுள்ள தராசில் வைத்தால், இங்கே பத்தொன்பது கிலோ இருந்தது அங்கே இருபது ஆனது. தண்ணிக்கழிவு போகவில்லை. தராசுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான்.

அவள் கவனித்துவிட்டதைச் சம்பந்தமும் கவனித்தார். "நீ வாய் தொறக்காதவ. அதான் உன்ன வேலைக்கு வெச்சிருக்கேன்," என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அது பாராட்டா மிரட்டலா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு வருஷம் வாய் திறக்கவில்லை. தம்பியின் நண்டையும் அதே தராசில்தான் தன் கையாலேயே வைத்தாள்.

ஆறாம் நாள் மத்தியானம், நண்டு வரத்து ஓய்ந்து, ஷெட்டில் சம்பந்தமும் கிழவன் சடையனும் இன்னும் மூன்று பேரும் பீடி பிடித்துக்கொண்டிருந்தபோது முத்துராஜ் வந்தான். பின்னால் குணசுந்தரி, புடவைக்குள் மார்போடு கட்டிய குழந்தையுடன்.

"அக்கா, பாப்பாவ தராசுல வெச்சு எத்தினி கீதுன்னு பாரு. அம்மா எளைச்சிடுச்சு எளைச்சிடுச்சுன்னு உசுர எடுக்குது."

செவ்வந்திக்குக் கை நின்றுவிட்டது.

சம்பந்தம்தான் முதலில் பேசினார். "டேய், இன்னாடா இது? நண்டு வெக்கிற எடத்துல கொழந்தைய வெச்சிக்கினு? நாளான்னிக்கு நர்சம்மா வரும்ல, அது பாக்கட்டும்."

"அட, வெய்யி மொதலாளி," என்றான் சடையன். "கொழந்தைக்கு ரேட்டா கேக்கப்போறான்? எடைதான? ஏ செவ்வந்தி, கைய கால கட்டிட்டு வெய்யி, ஓடிடப் போது!"

எல்லோரும் சிரித்தார்கள். குணசுந்தரிகூடச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் சிரித்தது அதுதான் முதல்முறை.

கழுவின பிளாஸ்டிக் தொட்டியைத் தராசில் வைத்து, துண்டு விரித்து, எண்ணைச் சைபர் ஆக்கிவிட்டு, செவ்வந்தி குழந்தையைத் துணி அவிழ்த்துக் கிடத்தினாள். குழந்தை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டது. சிவப்பு எண் ஏறி, நடுங்கி, நின்றது. ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.

"எண்ணூத்தி இருவது இருந்துச்சே," என்றாள் குணசுந்தரி. குரல் கீழே இறங்கிவிட்டது. "ஏறலியா? எறங்கியா கீது?"

செவ்வந்தியின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. கிலோவுக்கு ஐம்பது. கிட்டத்தட்ட தொண்ணூற்றைந்து கிராமைத் தராசு விழுங்கியிருக்கிறது. குழந்தை உண்மையில் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து இருக்கும். அறுபத்தைந்து கிராம் ஏறியிருக்கிறது. பெரிய ஏற்றம் இல்லை, ஆனாலும் ஏற்றம்தான்.

தலை நிமிர்ந்தாள். சம்பந்தம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு, ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

செவ்வந்தி குழந்தையைத் துண்டோடு தூக்கிக் குணசுந்தரியிடம் கொடுத்தாள். 

அன்று சாயங்காலமே முத்துராஜ் பழவேற்காடு பஜாருக்குப் போய் ஒரு பால்மாவு டப்பாவும் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தான். கஸ்தூரியம்மாள் மருமகளைத் திட்டவில்லை. அழுதாள். "கண்ணாடிப் பொட்டியில போராடி மீண்டு வந்தத நாம பட்டினி போட்டுட்டமேடி. உன்மேல தப்பு இல்ல. உன் பாலு தண்ணிப் பாலு, அதுக்கு நீ இன்னா பண்ணுவ?"

செவ்வந்தி அடுப்பங்கரை ஓரத்தில் நின்றபடி சொன்னாள்: "அந்தத் தராசு... சரியா காட்டாது."

"இன்னா சரியா காட்டாது?" கஸ்தூரியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஊரே அதுலதான் போடுது. உன் தம்பி நண்டும் அதுலதான் விழுது. நண்டுக்குச் சரியா காட்டுறது கொழந்தைக்கு மட்டும் தப்பாவா காட்டும்?"

இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது. அதற்கடுத்தது, எத்தனை நாளாகத் தெரியும் என்பது. முத்துராஜ் வாசலில் உட்கார்ந்து வலை மாட்டிக் கிழிந்த விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். செவ்வந்தி கிண்ணத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"பெத்தவளா நீ, உனக்கு இன்னா தெரியும்?" என்றாள் தாய். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

பாட்டிலைக் குழந்தை ஒரே மூச்சில் குடித்தது. மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கியது. வீடே நிம்மதியாயிற்று. "பாத்தியா?" என்று கஸ்தூரியம்மாள் முகம் மலர்ந்தாள். குணசுந்தரி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. செவ்வந்தி வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து கொடுத்தாள்.

மறுநாள் மழை பிடித்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. ஏரியில் யாரும் படகு இறக்கவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். கிராம நர்ஸ் லோகநாயகி போனில் முத்துராஜிடம் பேசினார்: "ஸ்கூட்டி வராதுப்பா, தண்ணி வடிஞ்சதும் வரேன். நான் எடை பாக்குற வரைக்கும் பாட்டில் குடுக்காதீங்க, சொல்லிட்டேன்." போனை வைத்ததும் கஸ்தூரியம்மாள் சொன்னாள்: "அது கவர்மென்ட்டு பேச்சு. அங்க உக்காந்துக்கினு சொல்லும். இங்க பசியில கத்துறது யாரு?"

அன்றைக்கே குழந்தை மார்பை மறுத்துவிட்டது. குணசுந்தரி மடியில் போட்டு வாயருகே கொண்டுபோனாலே முதுகை வில்லாக வளைத்து, முகத்தைத் திருப்பி, நீலம் பாரிக்க அழுதது. பாட்டில் முனையைக் காட்டினால் அழுகை நின்றது. ஒரு நாளைக்கு எட்டுமுறை பீச்சியவள் இப்போது மூன்று முறைதான் பீச்சினாள். யாருக்காகப் பீச்சுவது? கிண்ணத்தில் கால்வாசி. அடுத்தமுறை அதிலும் பாதி.

செவ்வந்தி நனைந்துகொண்டே ஷெட்டுக்குப் போனாள். நண்டு இல்லை, ஆள் இல்லை. சம்பந்தம் மட்டும் தகரக் கூரையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லிடுங்க," என்றாள். அவரிடம் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "முத்துராஜ் கிட்ட மட்டும். பாப்பாவுக்கு அம்மா பாலு நின்னுடும்."

சம்பந்தம் வாளியை நகர்த்தி வைத்தார். நல்ல மனுஷன் என்று பேர் எடுத்தவர். குழந்தையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று தன் வேனைக் கொடுத்தவரும் அவர்தான். "ரெண்டு நாள் டப்பாப் பால் குடிச்சா கொறஞ்சா போய்டும்? ஊர்ல பாதி கொழந்தைங்க அதுலதான் வளருது. நர்சம்மா தராசுல வெச்சா எல்லாம் சரியாயிடும். யாருக்கும் பேஜார் இல்ல." இன்னொரு வாளியை எடுத்து அடுத்த ஒழுகலுக்குக் கீழே வைத்தார். "ஒரு மாசத்துக்கு மேல நீ வரல. உன் எடத்துல நான் வேற ஆள் போடல. நெனப்புல வெச்சுக்கோ."

அவள் நனைந்தபடியே திரும்பி வந்தாள்.

மழை பிடித்த மூன்றாம் நாள் காலை அது விட்டது. படகுகள் போயின. முத்துராஜும் போனான். குழந்தைக்கு விடிந்ததிலிருந்து மூன்று தடவை தண்ணீராகப் போயிற்று. நாலாவது துணியைச் செவ்வந்தி கையில் எடுத்தபோது அதில் பச்சையாக ஒரு கறை மட்டும் இருந்தது. குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று அப்படித் தொட்டுப் பார்ப்பார்.

"டப்பாவ மாத்தணும்," என்றாள் கஸ்தூரியம்மாள். "இந்தக் கம்பெனி இதுக்கு ஒத்துக்கல."

குணசுந்தரி மூலையில் உட்கார்ந்து பீச்சிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரமாக. கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது பால்.

"அண்ணி," என்றாள். நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவாள். "என் ஒடம்புலதான் ஏதோ கோளாறு. இல்லாங்காட்டி உள்ள இருந்தது ஏன் எட்டு வாரம் முன்னாடியே வெளிய ஓடியாரும்? அதுக்கே தெரிஞ்சிருக்கு, இவகிட்ட ஒன்னும் இல்லன்னு."

அழவில்லை. மழை வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

செவ்வந்தி எழுந்தாள். அலமாரியில் இன்னும் பிரிக்காத உப்புப் பாக்கெட் ஒன்று இருந்தது. அதை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஷெட்டில் நல்ல கூட்டம். இரண்டு நாள் கழித்து ஏரியில் இறங்கியதால் நண்டு கூடை கூடையாக வந்திருந்தது. பதினைந்து பேராவது இருப்பார்கள். முத்துராஜ் வரிசையில் மூன்றாவதாக நின்றான். சம்பந்தம் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"வா வா சைலன்ஸ், உனக்காகத்தான் நண்டெல்லாம் கொட்டாவி விடுது," என்றான் ஒருத்தன்.

செவ்வந்தி நேராகத் தராசுக்குப் போனாள். அதன்மேல் இருந்த கூடையை இறக்கினாள். தட்டைத் துண்டால் துடைத்தாள். எண் சைபருக்கு வந்தது. முந்தானையிலிருந்து உப்புப் பாக்கெட்டை எடுத்து வைத்தாள். அதில் ஒரு கிலோ என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

சிவப்பு எண் ஏறி, நடுங்கி, நின்றது. தொள்ளாயிரத்து ஐம்பது.

யாருக்கும் முதலில் புரியவில்லை. சடையன்தான் எட்டிப் பார்த்தான். "இன்னாமே, உப்பு வித்துட்டுப் போலாம்னு வந்தியா?" என்று சிரிக்க ஆரம்பித்தவன், எண்ணைப் படித்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"உப்புக் கம்பெனிக்காரன் கம்மியா போட்டிருப்பான்," என்றார் சம்பந்தம். எழுந்திருக்கவில்லை.

சடையன் வெளியே போனான். மீன் கூறு விற்கும் பெண்ணிடமிருந்து இரும்பு கிலோக் கல்லை வாங்கி வந்து, உப்பை எடுத்துவிட்டு அதை வைத்தான். தொள்ளாயிரத்து ஐம்பது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதேதான். ஷெட்டில் நண்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வந்தி யாரையும் பார்க்கவில்லை. தம்பியின் ஈரக் காலை மட்டும் பார்த்துச் சொன்னாள். "பாப்பா எறங்கல. தராசுதான் எறக்கிக் காட்டுச்சு."

பிறகு நடந்த கூச்சல் அவள் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. யாரோ மேசையைத் தள்ளினார்கள். யாரோ கற்பூரத்தைப் பற்றிக் கத்தினார்கள். முத்துராஜ் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

அவள் சொன்னாள். முணுமுணுப்பாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

அவன் கையை எடுத்துவிட்டான். அடிப்பான் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. "பாப்பா எப்டி கீது?" என்று கேட்டான். நாலு தடவை தண்ணீராகப் போனதைச் சொன்னாள். நண்டுக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்.

ரோட்டில் தண்ணீர் வடியாததால் படகிலேயே ஏரியைச் சுற்றிக்கொண்டு போய் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைந்தார்கள். குழந்தை குணசுந்தரியின் மார்போடு கட்டியிருந்தது. கஸ்தூரியம்மாளும் முழங்கால் வலியோடு ஏறிக்கொண்டாள். செவ்வந்தி படகின் முனையில் உட்கார்ந்தாள். தம்பி அவளை ஏறச் சொல்லவும் இல்லை, இறங்கச் சொல்லவும் இல்லை. 

டாக்டரம்மா பார்த்துவிட்டு, பயப்படும் அளவுக்கு நீர் வற்றவில்லை, சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்றார். லோகநாயகி நர்ஸ் குழந்தைக்கென்றே இருக்கும் தராசில், துணி இல்லாமல் வைத்தார். ஆயிரத்து எண்ணூற்று அறுபது. நண்டுத் தராசுக் கதையை முத்துராஜ் சொன்னதும் அவர் தாளில் கூட்டிப் பார்த்தார்.

"ஆறாம் நாள் வரைக்கும் உன் பாலிலேயே ஏறியிருக்கு குணா. பாட்டில் வந்தப்புறம்தான் இருபத்தஞ்சு கிராம் எறங்கியிருக்கு." கஸ்தூரியம்மாள் பக்கம் திரும்பினார். "தண்ணிப் பாலா அது? கொழந்தைய ஏத்திவிட்ட பாலும்மா."

கஸ்தூரியம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். குணசுந்தரி அப்போதுதான் அழுதாள். பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தை நனையும்படி, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதாள்.

"அழுது முடிச்சிட்டு பீச்சு," என்றார் லோகநாயகி. "இனிமேதான் கஷ்டம் கீது. பாட்டில குப்பையில போடு. பால் ஊறுற வரைக்கும் பத்தாததுக்கு மட்டும் டாக்டரம்மா சொன்ன அளவுல மாவு கலந்து பாலாடையிலதான் குடுக்கணும். பசி முத்திக் கத்தும்போது மார்ல போடாத, சண்டை பிடிக்கும். தூக்கம் கலையும்போது, பாதி முழிப்புல போடு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பீச்சு, சொட்டு வரலன்னாலும் பீச்சு. ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். உறுதியா வந்துடும்னு நான் எழுதித் தரமாட்டேன். முக்காவாசிப் பேருக்கு வந்துருது."

அதற்கடுத்த நாட்கள் சுலபமாகப் போகவில்லை.

ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் சம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். செவ்வந்தி போகவில்லை. அவளைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது என்று மாரி வந்து சொன்னாள். "ரெண்டு வருசமா கூடவே நின்னு எடை போட்டவதானன்னு கேக்குறாங்க. நான்கூட இன்னா சொல்றதுன்னு தெரியாம வந்துட்டேன்." தண்ணீர்க் குழாயில் இப்போது யாரும் அவளைச் 'சைலன்ஸ்' என்று கூப்பிடுவதில்லை. அவள் வந்தால் அவர்களே பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடக் கேலியே தேவலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் கேட்பதில் தப்பில்லை என்றும் தோன்றியது. தராசைத் திறந்தது அவள் கை இல்லை. ஆனால் ஒவ்வொரு நண்டையும் அதில் வைத்தது அவள் கைதான்.

முத்துராஜ் அவளிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான். அவள் இருக்கும் பக்கம் பார்க்காமல் எழுந்து போனான்.

வேலை இல்லாததால் பகல் முழுதும் அவள் குழந்தையிடம்தான். கஸ்தூரியம்மாள் பாட்டிலை எறியவில்லை, கழுவி அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருந்தாள். குழந்தை அலறும் நேரத்தில் அவள் கண் மேலே போகும். கை போகவில்லை. குணசுந்தரி பீச்சிப் பீச்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். ஓரம். அடி. மறுபடி ஓரம். நாலாம் நாள் ஒரு பாலாடை நிறைந்தது. அன்று மூன்று பேரும் அந்தப் பாலாடையைக் கீழே வைக்க மனசில்லாமல் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். மார்பில் மட்டும் குழந்தை வாய் வைக்கவில்லை. காம்பு பட்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டது. குணசுந்தரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, காத்திருந்தாள். சும்மா காத்திருந்தாள். அவளைப்போலவே செவ்வந்தியும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டில் சத்தம் இல்லை. கஸ்தூரியம்மாள் கண்ணயர்ந்திருந்தாள். குழந்தை தூக்கத்தில் நெளிந்து, கன்னத்தைத் தாயின் மார்பில் தேய்த்தது. வாய் ஒரு மீன் வாயைப்போலத் திறந்தது. குணசுந்தரி மூச்சை அடக்கிக்கொண்டு தோளை லேசாகத் திருப்பினாள். தாடை மார்பில் பதிந்தது. வாய் மூடியது. மூடி, இழுத்தது.

"அண்ணி," என்றாள் குணசுந்தரி. உதடு மட்டும் அசைந்தது.

செவ்வந்தி மண்டியிட்டு அருகில் நகர்ந்து தொண்டையைப் பார்த்தாள். ஒன்று. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. இரண்டு. மூன்று.

வாசலில் நிழல் விழுந்தது. முத்துராஜ், தோளில் வலையோடு. உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. குழந்தையின் கை தளர்ந்து விழுந்தபோதுதான் அவன் குரல் வந்தது. அக்காவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"எத்தினி வாட்டி முழுங்குச்சு?"

"ஏழு," என்றாள் செவ்வந்தி.

"அப்பால?"

"தூங்கிடுச்சு."

அவன் வலையை இறக்கி வைத்தான். அதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"சொம்மா உக்காந்திருக்க," என்றான். "பாப்பா கால சொரண்டு."